நாய்க்குட்டியை யார் வளர்ப்பது?

எங்கள் பக்கத்தில் நாய் வளர்க்க யாரும் தயாரானதில்லை. நாய் வந்து சேரும், அவ்வளவுதான். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே இருக்கிற கரிசல் ஊர்களில், என் சின்ன வயதில், ஒரு வீட்டுக்கு நாய் எப்படி வந்தது என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. "அது இங்கனதான் கெடக்கும்" என்பார்கள். கிடை போட வந்த கீதாரியின் பின்னால் வந்தது, கிடை கிளம்பும்போது நின்றுபோயிருக்கும். அல்லது அடுத்த தெருவில் போட்ட குட்டிகளில் ஒன்று, கஞ்சி ஊற்றிய வாசலை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும். என் தாத்தா கடலை போட்ட வருஷங்களில் பன்றிக் காவலுக்கு ஒரு நாய் இருந்தது. வீட்டில் மிஞ்சிய கூழும் பழைய சோறும்தான் அதற்கு. மிஞ்சாத நாளில் அது என்ன தின்றது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பழைய காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாய்களில் கிழடாகிச் செத்தவை ரொம்பக் கம்மி. வெறி பிடித்துவிட்டது என்று ஒருவர் சந்தேகப்பட்டால் போதும், நாலு பேர் கம்போடு வந்துவிடுவார்கள். மீதியை மதுரை - தூத்துக்குடி ரோடு பார்த்துக்கொண்டது. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒன்று இருந்தது. யாரும் அந்த நாய்க்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கை யாரும் மீறவும் இல்லை.

இப்போது எங்கள் வீடுகளுக்குக் கேட் வந்துவிட்டது. நாய் தானாக வந்து சேர முடியாத வீட்டில் இருக்கிறோம். வேண்டுமென்றால் போய்த்தான் தூக்கி வர வேண்டும். தூக்கி வருவது என்று ஆனதும், 'நாம் இதற்குத் தயாரா?' என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. என் மகளுக்கு ஏழு வயது. இரண்டு மாதமாக அவளுக்கு ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வேண்டும். நான் பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு அருப்புக்கோட்டை வீட்டு மாடியிலிருந்து வேலை பார்க்கிறவன். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்ற பழமொழி எங்கள் ஜாதியைப் பார்த்துச் சொன்னது.

யோசனை கேட்ட இடத்திலெல்லாம் இரண்டே பதில்தான் வந்தது. ஒன்று, "வாங்கிக் குடுப்பா, பிள்ளைக்குப் பொறுப்பு வரும்." இன்னொன்று, "வேணாம்டா, கடிச்சு வச்சிட்டா என்ன செய்வ?" எதிரெதிர்ப் பதில்கள் மாதிரி தெரியும். ஆனால் இரண்டிலும் பேச்சு முழுக்கப் பிள்ளையைப் பற்றியது. முதல் பதிலில் நாய் ஒரு பாடப்புத்தகம், இரண்டாவதில் ஒரு ஆபத்து. நாய்க்கு இந்த வீடு சரிப்படுமா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பொறுப்பு வரும் என்கிற வாதத்துக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. இம்மானுவேல் காண்ட் 1780களில் கோனிஸ்பெர்க்கில் நடத்திய அறவியல் விரிவுரைகளில் மிருகங்களைப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய இதுதான். மிருகத்துக்கு நாம் நேரடியாக எந்தக் கடமையும் பட்டிருக்கவில்லை. ஆனால் மிருகத்திடம் கொடூரமாகப் பழகுகிறவன் மனிதரிடமும் அப்படியே ஆகிவிடுவான். ஆகவே மிருகத்திடம் காட்டும் கருணை மனிதரிடம் காட்டப்போகும் கருணைக்கு ஒத்திகை. ஹோகார்த் 1751இல் செதுக்கி வெளியிட்ட கொடூரத்தின் நான்கு நிலைகள் படவரிசையையும் அவர் அங்கே குறிப்பிடுகிறார். அதில் நாயை வதைக்கும் சிறுவன்தான் கடைசியில் கொலைகாரனாக முடிகிறான். நம் ஊர் மாமாக்கள் காண்ட்டைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அதையேதான் சொல்கிறார்கள், என்ன, கொஞ்சம் சிரித்த முகத்தோடு.

எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. ஒத்திகை என்று ஒன்று இருந்தால் அது முடிகிற நாள் ஒன்று இருக்கும். பாடம் படித்து முடித்தாகிவிட்டது, புத்தகத்தை என்ன செய்வது? ஆனால் காண்ட் எடுத்துக்கொண்ட உதாரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் பேசுவது ரொம்ப வருஷம் உழைத்துவிட்டு, இனி எதற்கும் உதவாமல் போன ஒரு கிழட்டு நாயைப் பற்றி. அந்த நாயைச் சுட்டுத் தள்ளுகிறவனைப் பற்றி. நாம் கேட்பதோ குட்டியைப் பற்றி மட்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு நாட்டு நாய் பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் இருக்கும். என் மகளுக்கு ஏழு. அவள் பிளஸ் டூ எழுதும்போது நாய்க்குப் பத்து வயது. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு ஹாஸ்டலுக்குப் போகிற ஜூன் மாதத்தில் அதற்குக் கண்ணில் வெள்ளை விழ ஆரம்பித்திருக்கும். இடுப்பு பிடித்துக்கொள்ளும். படியேறாது. ஒருவேளை உள்ளேயே மூத்திரம் போகும். அதாவது அவள் கேட்கிற குட்டி அவளிடம் இருக்கப்போவது ஒரு வருஷம்கூட இல்லை. அதற்குப் பின்பு வருகிற நாய்க்கு ஆள் யார்?

எங்கள் தொழிலில் மென்பொருளை வெளியிடுகிற அன்று கேக் வெட்டுவோம். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அதை யார் பார்த்துக்கொள்வது என்று யாராவது மீட்டிங்கில் கேட்டால், ஒவ்வொருத்தராக மைக்கை அணைப்பார்கள். 2020 ஊரடங்கில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் குட்டி வாங்கினார்கள். ஒருவர் வாங்கியது ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்கிற உடம்பை ஏசி போட்டு வைத்திருந்தார். ஆபீஸ் திறந்ததும் "நல்ல வீடா இருந்தா சொல்லுங்க" என்று குரூப்பில் போட்டோ போட்டார். அந்தப் போட்டோவில் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவருடைய மகனும் இருந்தான். பொறுப்பைக் கற்றுக்கொடுக்க வாங்கிய நாய் அவனுக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கும்? ஒரு உயிர் சிரமம் கொடுக்க ஆரம்பித்தால் பெரியவர்கள் அதற்கு நல்ல வீடு தேடுவார்கள் என்பதைத்தான்.

யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் சொல்லாமலே ஒரு பதில் உண்டு. பெண்கள். குழந்தை ஆசைப்படும், அப்பா வாங்கிக் கொடுத்து நல்ல பெயர் எடுப்பார், மூத்திரம் துடைப்பது அம்மாவும் அப்பத்தாவும். என் மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பேச்சை எடுத்ததுமே, "நான் சுத்தம் பண்ண மாட்டேங்க. இப்பவே சொல்லிட்டேன். அப்பறம் எனக்கு நாய் பிடிக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லக் கூடாது" என்றாள். இவ்வளவு யோக்கியமான ஒரு வாக்கியத்தை நாய் பற்றிய பேச்சில் நான் கேட்டதில்லை. ஒரு குடும்பம் தயாரா என்று கேட்பதே ஒரு வகையில் ஏமாற்று. குடும்பத்துக்குக் கை கிடையாது. இரண்டு கை உள்ள ஆள் யார், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்றுதான் கேட்க வேண்டும்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, "அது கெழடாகிக் கண்ணு தெரியாமப் போனா யாருய்யா பாப்பா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. தன் மாமியாரைப் படுக்கையில் வைத்து நாலு வருஷம் பார்த்தவள். அவள் நாயைப் பற்றி மட்டும்தான் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது, நான் துருவவும் இல்லை. "நான் பாத்துக்கிறேம்மா" என்றேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கீரைத்தண்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நாயைப் பற்றி அவள் எதையாவது கற்றுக்கொள்வதாக இருந்தால் அது இந்த மாதிரி இடங்களில்தான் நடக்கும் என்று தோன்றியது. காலையில் தட்டில் சோறு வைத்து நட்சத்திரம் வாங்குவதிலிருந்து அது வருமென்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஓடி ஆடாத, அழகில்லாத, நாறுகிற ஒரு உடம்புக்கு இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நாளைக்கு யாருடைய உடம்பும் அப்படி ஆகலாம்.

தமிழில் குழந்தைக்கும் நாய்க்கும் ஒரே விகுதி. குழந்தை அழுகிறது, நாய் குரைக்கிறது. இலக்கணம் மனிதரை உயர்திணையில் வைத்துவிட்டு, குழந்தையை மட்டும் 'அது' என்று சொல்ல அனுமதிக்கிறது. வினையும் ஒன்றேதான்: பிள்ளை வளர்க்கிறோம், நாய் வளர்க்கிறோம். ஆனால் பிள்ளை வளர்ந்து 'அவள்' ஆகிவிடுவாள். ஆக வேண்டும், அதற்குத்தான் வளர்க்கிறோம். ஒரு நாள் நம்மைத் தேவையில்லாமல் பண்ணிவிட்டுக் கிளம்பினால் வளர்ப்பு நன்றாக இருந்தது என்று அர்த்தம். நாய்க்கு அந்த வழி இல்லை. கதவைத் திறக்க, தண்ணீர் ஊற்ற, உண்ணி எடுக்க, பதிமூன்றாவது வயதிலும் அதற்கு ஒரு ஆள் வேண்டும். கடைசி வரைக்கும் 'அது' ஆகவே இருக்கிற ஒன்றை வளர்ப்பது என்பது வேறு காரியம். ஒரே சொல்லாக இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை.

அப்படி 'அது' என்று சொல்லாத ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் திருச்சுழி. 1879 டிசம்பர் 30இல் அங்கே பிறந்த வேங்கடராமன் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்குப் போய், பிற்பாடு ரமண மகரிஷி என்று அறியப்பட்டார். எனக்கு அவருடைய தத்துவத்தில் பெரிய தேர்ச்சி கிடையாது. பக்தியும் இல்லை. ஆனால் அவருடைய வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் சொல்லும் ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. மிருகங்களை அவர் 'அது' என்று சொல்வதில்லை. அவன், அவள் என்பார். பசங்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் விசாரித்தால் ஆசிரமத்து நாய்களைக் கேட்கிறார் என்று பொருள். ஜாக்கி என்ற நாய்க்கு அந்த ஆசிரமத்தில் சமாதி இருக்கிறது, லட்சுமி என்ற பசுவின் சமாதிக்குப் பக்கத்தில்.

இதைப் படித்துவிட்டு உருகுகிறவர்கள் ஒரு நடைமுறை விவரத்தைத் தவறவிடுகிறார்கள். அவர் எங்கும் போகவில்லை. 1896இல் அந்த மலைக்கு வந்தவர் 1950இல் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார். அங்கே இருந்த நாய்க்கு வீடு பூட்டப்பட்ட நாள் என்று ஒன்று இல்லை. நமக்குக் கல்யாணம், காதுகுத்து, சென்னையில் பிரசவம், கோடை லீவில் கொடைக்கானல் என்று வருஷத்தில் எத்தனை பூட்டு! அன்பு ஜாஸ்தியா கம்மியா என்று அளப்பதைவிட, வீட்டைப் பூட்டுகிற நாளில் சாவியை யாரிடம் கொடுப்போம் என்று பார்ப்பது நல்ல அளவுகோல். எங்களுக்கு அம்மா இருக்கிறாள். அம்மாவும் எங்களோடு கிளம்பினால்? எதிர்வீட்டு அண்ணன் சரி என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் கேட்ட பிறகுதான் நான் மகளிடம் பேசவே ஆரம்பித்தேன்.

கடிக்குமே என்று பயப்படுகிறவர்களை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. வெறி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் மிருகத்திடம் கடிபடுகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாஸ்டர் 1885 ஜூலை 6ஆம் தேதி முதன்முதலாக ஊசி போட்ட ஜோசப் மைஸ்டருக்கு ஒன்பது வயது. நம்மிடம் குன்னூரில் 1907இலேயே பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. ஆனால் ரொம்ப காலம் இங்கே போட்டது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று எங்கள் தலைமுறைவரை மிரட்டியது அதுதான். இப்போது அது இல்லை. கைமேல்தோலில் 0, 3, 7, 28 என நாலு நாள் போட்டால் முடிந்தது. கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தும் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. அதற்கு முன்னால் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைக்கக் கூடாது.

மருந்து இருந்தும் பிள்ளைகள் சாவதற்கு ஒரு காரணம் எனக்கு ரொம்பத் தொந்தரவாக இருக்கிறது. சொல்வதில்லை. 'நாய்க்கிட்ட போகாதன்னு எத்தனை தடவை சொன்னேன்' என்று முதுகில் விழுகிற அடிக்குப் பயந்து, சின்னக் கீறல்தானே என்று டவுசருக்குள் மறைத்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் நாய் வருவதற்கு முன்னால் ஒரு வீடு தயாரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: பிள்ளை ஒரு தட்டை உடைத்தால் வந்து சொல்கிறாளா, துண்டுகளை ஒளித்து வைக்கிறாளா? ஒளித்து வைக்கிற வீட்டுக்கு நாய் வேண்டாம். குட்டிக்குத் தடுப்பூசி போடுவதைவிட முன்னால் செய்ய வேண்டிய வேலை அங்கே பாக்கி இருக்கிறது.

பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதும் உண்டு. தின்னும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. வாலை ஆட்டினால் சிநேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பதற்றத்திலும் ஆட்டும். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டால், அசையாமல் விறைத்தால் 'என்னை விடு' என்கிறது. இதெல்லாம் அவளுக்கு இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது. "எனக்கும் சித்தி கன்னத்தைக் கிள்ளும்போது இப்படித்தான் திருப்பிக்குவேன்" என்றாள். சித்திக்கு இன்னும் பிடிபடவில்லை. இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. அவர்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டு நான் மாடியில் மீட்டிங்கில் இருக்க முடியாது.

அடுத்து எந்த நாய் என்பது. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் எங்கள் மாவட்டத்து ஊர்கள்தான். ராஜபாளையம் நாய் 2005இல் தபால்தலையில் வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ராஜபாளையம் குட்டிகளில் அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே காது கேளாமை வருகிறது. சிப்பிப்பாறை உடம்போ முயல் விரட்டுவதற்கென்றே உருவானது. மெல்லிய தோல், எங்கள் வெயிலைத் தாங்கும், எல்லாம் சரி. முயல் வேட்டை 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஓடுவதற்குப் பிறந்ததை இரண்டு சென்ட் காம்பவுண்டில் கட்டி வைத்துவிட்டு அதன் வம்சப் பெருமையை யாரிடம் பேசுவது? காடு இருக்கிறவர்கள் வளர்க்கட்டும். எங்களுக்கு அது சரிவராது என்று மகளிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு நெசவாளர் தெருவில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருப்பதாக எதிர்வீட்டு அண்ணன் சொன்னார். போய்ப் பார்த்தோம். தறிச்சத்தத்துக்கு நடுவே, திண்ணைக்கடியில், தாயும் இரண்டு குட்டிகளும். போட்டது ஐந்தாம். அந்த வீட்டம்மா சொன்னார்: "கடுவனைப் பூராம் நாலு வாரத்திலேயே தூக்கிட்டுப் போயிட்டாக தம்பி. இது ரெண்டும் பொட்டை. சீண்ட ஆளில்ல."

"பொட்டைன்னா?" என்றாள் மகள்.

"பொம்பளப் பிள்ளை" என்றேன்.

"அத ஏன் யாரும் எடுக்கல?"

குட்டி போடும், அந்தக் குட்டிகளை என்ன செய்வது என்று தெரியாது, அதனால் என்றேன். அப்படி எடுக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் விட்டுவிடுகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதை அவளிடம் சொல்லவில்லை. ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாம், அதற்கு டாக்டர் இருக்கிறார் என்று சொன்னேன். "அதுக்கு வலிக்குமா?" "கொஞ்ச நாள் வலிக்கும்." அவள் அதை யோசித்துக்கொண்டே வந்தாள். நாயின் பேரில் அதன் உடம்பைப் பற்றி நாம் முடிவெடுப்பது எப்படிச் சரி என்ற கேள்விக்கு என்னிடம் முழுப்பதில் இல்லை. சாக்கை நினைத்துக்கொண்டால் கத்தி தேவலை, அவ்வளவுதான்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017ஆம் வருஷத்து மத்திய விதிகள் சொல்கின்றன. நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. ஆனாலும் அந்தக் கணக்குக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்ததிடமும்தான் பழகிக்கொள்கிறது. ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நாய்களின் நடத்தை பற்றிய புத்தகத்திலிருந்து இன்றுவரை சொல்லப்படுவது இது: ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை பார்த்துப் பழகியதுதான் அதற்குச் சொந்தம் ஆகும். ஆகவே தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டியில் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகிறேன். அவள் திண்ணைக்குக் கீழே, கையை நீட்டாமல், சும்மா உட்கார்ந்திருக்கிறாள். குட்டி வந்தால் வரும். தாய்க்குச் சோறும் ஒரு சட்டித் தண்ணீரும் கொண்டுபோகிறோம். குழாயில் தண்ணீர் தினமும் வராத ஊரில், பால் கொடுக்கிற நாய் எவ்வளவு குடிக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னொன்றுக்கு ஆள் தேடுவது என் பொறுப்பு. இதுவரை மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன், மூன்று பேரும் கடுவனா என்றார்கள். குட்டிகளுக்கு இன்றோடு ஐந்து வாரம் முடிகிறது. மாடிப்படிக்குக் கீழே இடம் ஒதுக்கியாயிற்று, பழைய சாக்கும் என் பழைய லுங்கியும் அங்கே கிடக்கின்றன. பூச்சி மருந்து எப்போது, தடுப்பூசி எப்போது என்று கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் மனைவி இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறாள். ராத்திரி பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நாலு மணி என்று மூன்று வரிசை. மூன்றிலும் என் பெயர்.